மருத்துவமனை ஊழியர்களின் மனநலத்தையும் வேலை மனப்பாங்கையும் கணக்கெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்காகவோ, மருத்துவமனையின் மனிதவளப் பிரிவு அல்லது தரப் பிரிவின் சார்பிலோ ஊழியர்களிடம் மனநலக் கணக்கெடுப்பு நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டின் நடுத்தர மருத்துவமனையை, அதாவது நூறு முதல் சில நூறு ஊழியர்கள் வரை வேலை செய்யும் இடத்தை, மனதில் வைத்திருக்கிறேன். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் படிகளைச் செய்யாமல் விடுவதில்லை. வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். இணையத்தில் ஒரு வினாத்தாளைத் தரவிறக்குவதுதான் அவர்களுடைய முதல் வேலை. இந்த வழிகாட்டியில் அது ஆறாவது படி.

1. எதை மாற்ற முடியும் என்று முதலில் எழுதுங்கள்

மருத்துவக் கண்காணிப்பாளர், நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், மனிதவள அதிகாரி மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வெளியே யாரிடமும் அனுமதி கேட்காமல் ஆறு மாதத்துக்குள் இங்கே எதையெல்லாம் மாற்ற முடியும்? டியூட்டி ரோஸ்டரை எத்தனை நாள் முன்னால் ஒட்டுவது, நைட் டியூட்டியைத் தொடர்ந்து எத்தனை நாள் போடுவது, நைட் முடிந்த பிறகு எத்தனை நாள் ஆஃப், சாப்பிடப் போகும் நேரத்தில் வார்டை யார் பார்த்துக்கொள்வது, பூட்டுப் போடக்கூடிய ஓய்வறை, இரவு எட்டு மணிக்கு மேல் போக்குவரத்து, நோயாளியோடு வரும் அட்டெண்டர்கள் கைநீட்டினால் யாரைக் கூப்பிடுவது. இப்படி ஒரு பட்டியல் வரும்.

மாற்ற முடியாதவற்றுக்கும் தனிப் பட்டியல் வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் பணி நிரந்தரமும் சம்பள விகிதமும் அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் கையில் இல்லை. அவற்றைக் கேட்கக் கூடாது என்பதில்லை. ஆனால் மாற்றித் தருவது உங்கள் கையில் இல்லை என்பதை முன்கூட்டியே ஊழியர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏன் இது முதல் படி? கேள்வி கேட்டாலே எதிர்பார்ப்பு பிறக்கிறது. “ராத்திரி சாப்பிட நேரம் கிடைக்கிறதா?” என்று கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால், கேட்காமல் இருந்ததைவிட நிலைமை மோசமாகும். அடுத்த முறை தாளை நீட்டும்போது எல்லாக் கட்டத்திலும் நடுவில் ஒரு டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களும் வேலைச் சூழலை மாற்றுவதற்கும் மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதற்கும் பரிந்துரை செய்கின்றன. ஊழியர்களை ஒவ்வொருவராகச் சோதித்து ‘பாதிக்கப்பட்டவர்’ என்று கண்டுபிடிக்கும் திட்டங்களுக்கு ஆதரவாகவோ எதிராகவோ அவை எதுவும் சொல்லவில்லை. நன்மை அதிகமா தீங்கு அதிகமா என்பதே தெளிவில்லை என்கின்றன. எனவே நீங்கள் எடை போடப்போவது வேலையிடத்தை, ஆளை அல்ல. இதை எல்லாரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

2. மூன்று விஷயங்களைப் பிரித்து வையுங்கள்

மனநலம், வேலைச்சோர்வு (பர்ன்அவுட்), வேலை மீதான மனப்பாங்கு மூன்றும் வெவ்வேறு. ஐ.சி.யூ.வில் இருக்கும் ஒரு சிஸ்டருக்கு வேலை உயிராக இருக்கலாம், ஆனால் உடம்பும் மனசும் தீர்ந்துபோயிருக்கலாம். இன்னொருவர் நிம்மதியாகத் தூங்குவார், சாப்பிடுவார், ஆனால் அந்த மருத்துவமனையை விட்டு எப்போது கிளம்பலாம் என்று காத்திருப்பார். மூன்றையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டினால் இந்த இருவரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்.

வேலைச்சோர்வைப் பற்றி எழுதும்போது கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் வேலைச்சோர்வு நோயாகச் சேர்க்கப்படவில்லை. வேலை சார்ந்த ஒரு நிலையாகத்தான் இருக்கிறது. அதற்கு மூன்று கூறுகள்: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செய்யும் வேலையில் திறன் குறைந்துவிட்டதாக உணர்தல். ஆகவே “இத்தனை சதவீதம் பேருக்கு பர்ன்அவுட் நோய் இருக்கிறது” என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

3. யாரைக் கேட்பது, எத்தனை பேரை

டாக்டர்களையும் நர்ஸ்களையும் மட்டும் கேட்டு முடித்துவிடுவது வழக்கம். ஆயாக்கள், வார்டு பாய்கள், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, லேப் மற்றும் எக்ஸ்ரே டெக்னீஷியன்கள், ஓ.டி. டெக்னீஷியன்கள், மருந்தாளுநர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், பில்லிங் கவுன்டரில் இருப்பவர்கள் எல்லாரையும் சேருங்கள். கோபமாக வரும் அட்டெண்டரை முதலில் எதிர்கொள்வது செக்யூரிட்டியும் பில்லிங்கும்தான். துப்புரவும் காவலும் பல இடங்களில் ஒப்பந்த நிறுவனத்திடம் இருக்கின்றன. அங்கே முதலாளி வேறு, வேலை வாங்குகிறவர் வேறு. அந்த நிறுவனத்திடமும் தனியாக எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்க வேண்டும். இல்லையென்றால் பதில் சொன்னவர்களுக்கு இரண்டு பக்கமும் பயம்.

எண்ணிக்கை விஷயத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று கணக்கிடும் வழக்கமான சூத்திரத்தில் பாதிப்பு 50 சதவீதம், பிழை 5 சதவீதம் என்று போட்டால் 384 வரும். மொத்தமே 300 பேர் இருக்கும் மருத்துவமனையில் 384 பேரைத் தேடுவார்கள், கிடைக்காது, பக்கத்து மருத்துவமனையையும் இழுப்பார்கள். மொத்த எண்ணிக்கை சிறியதாக இருந்தால் அதற்கான திருத்தத்தைச் செய்ய வேண்டும். 300 பேருக்கு அது 169 ஆகக் குறையும். 30 சதவீதம் பேர் பதில் தரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் 240 பேருக்கு மேல் கேட்க வேண்டிவரும். அதற்குப் பேசாமல் எல்லாரையும் கேட்டுவிடலாம். குலுக்கல் முறையில் சிலரை மட்டும் எடுத்தால் “என்னை மட்டும் ஏன் கூப்பிட்டார்கள்?” என்ற சந்தேகம்தான் வார்டு முழுக்கப் பரவும்.

மிகவும் நொந்தவர்கள் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் உங்கள் கணக்கில் வரமாட்டார்கள். கடந்த ஓராண்டில் எந்தப் பிரிவிலிருந்து எத்தனை பேர் ராஜினாமா செய்தார்கள் என்ற எண்ணிக்கையை மனிதவளப் பிரிவிடம் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் திருப்தியாக இருப்பதாகக் காட்டும் வார்டில் ராஜினாமா குவிந்திருந்தால், இப்போது மிஞ்சியிருப்பவர்களின் மனநிலை மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது.

4. அனுமதி, அதோடு ஒரு கையெழுத்து

ஆய்வாக வெளியிடும் எண்ணம் இருந்தால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி, தரவு சேகரிக்கும் முன்பே வேண்டும். சேகரித்து முடித்துவிட்டு அப்புறம் போய் நின்றால் தரமாட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டுதல்கள், மேலதிகாரிக்குக் கட்டுப்பட்டு இருப்பவர்களைத் தனிக் கவனம் தேவைப்படுகிறவர்களாகப் பார்க்கின்றன. ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியாதவரிடம் வாங்கிய சம்மதம் சம்மதமாகாது என்பதே காரணம். எனவே சம்மதம் கேட்கப் போகிறவர் இன்சார்ஜ் சிஸ்டராகவோ துறைத் தலைவராகவோ இருக்கக் கூடாது.

அனுமதியைவிட ஊழியர்கள் அதிகம் பார்ப்பது நிர்வாகத்தின் கையெழுத்தைத்தான். தனிநபர் பதில்களை நிர்வாகம் பார்க்காது, சம்பள உயர்வுக்கோ ஒப்பந்தப் புதுப்பிப்புக்கோ இடமாற்றத்துக்கோ இதைப் பயன்படுத்தாது, தாளை நிரப்பாதவர்களுக்கு எந்தப் பின்விளைவும் இல்லை என்று மூன்று வரி எழுதி, தலைமையின் கையெழுத்தோடு ஒவ்வொரு நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள்.

5. வினாத்தாளுக்கு முன்பே உதவி தயாராக இருக்கட்டும்

பலர் யோசிக்காமல் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 வினாத்தாளைச் சேர்த்துவிடுகிறார்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று கேட்கிறது. பெயர் இல்லாத தாளில் ஒருவர் ‘கிட்டத்தட்ட தினமும்’ என்று டிக் போட்டிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து அதை நீங்கள் கணினியில் ஏற்றும்போது பார்க்கிறீர்கள். அவர் யார் என்று தெரியாது. உங்களால் எதுவும் செய்ய முடியாது. உதவ முடியாத நிலையில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பது நியாயமில்லை.

வழி இரண்டு. அந்தக் கேள்வி இல்லாத பி.எச்.க்யூ.-8 வடிவத்தைப் பயன்படுத்துங்கள், அல்லது நலவாழ்வை மட்டும் அளக்கும் டபிள்யூ.எச்.ஓ.-5 போதும் என்று முடிவெடுங்கள். வேலையிடத்தைச் சீர்செய்வதுதான் நோக்கம் என்றால் இரண்டாவதே போதும் என்பது என் கருத்து.

எந்த வழியை எடுத்தாலும் ஓர் உதவிச் சீட்டு அச்சடித்து எல்லாருக்கும் கொடுங்கள். தாளோடு ஒட்டாமல் தனியாக, சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் இருக்கட்டும். எல்லாருக்கும் கொடுப்பதால் யார் அதை எடுத்துக்கொண்டார்கள் என்று கண்காணிக்க ஒன்றுமில்லை. அதில் மனநல உதவிக்கான டெலி மனஸ் எண் 14416 இருக்கட்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை கட்டணமில்லாதது, 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணையும் சேருங்கள்.

மூன்றாவதாக, வெளியே உள்ள ஒரு மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசிவைத்து அவர் விவரத்தையும் போடுங்கள். நம் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறதே என்று சொல்வார்கள். சொந்த மருத்துவமனையின் ஓ.பி. வரிசையில், நாளைக்குத் தன்னோடு ரவுண்ட்ஸ் வரப்போகிற டாக்டரின் அறைக்கு வெளியே, எந்த நர்ஸும் வந்து உட்காரமாட்டார். கேஸ் ஷீட்டை எடுத்து வைப்பவரும் தெரிந்தவர்தான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியத்துக்கு உரிமை தருகிறது. ஆனால் பயம் சட்டத்தைப் பார்த்துப் போவதில்லை.

கணக்கெடுப்பின்போது யாராவது உங்களிடம் நேரடியாக மனம் திறந்தால் தாளை ஓரமாக வையுங்கள். குறுக்கிடாமல் கேளுங்கள். உயிருக்கு ஆபத்தான எண்ணம் இருப்பதாகச் சொன்னால் தனியே விட்டுப் போகாமல், அவருக்கு நம்பிக்கையான ஒருவரை வரவழைத்து, அப்போதே சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். அன்றைக்குக் கணக்கெடுப்பு நின்றாலும் பரவாயில்லை.

6. இப்போது வினாத்தாள்

எல்லாம் சேர்ந்து நாற்பது கேள்விகளைத் தாண்டக் கூடாது. காலை டியூட்டி நர்ஸுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. நீளமான தாளில் கடைசிப் பக்கம் எப்போதும் குத்துமதிப்பான பதில்களாகவே வரும்.

டபிள்யூ.எச்.ஓ.-5-ல் ஐந்தே கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. எல்லாமே நல்ல மனநிலையைக் கேட்பவை என்பதால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வேலைச்சோர்வுக்கு 2005-ல் வெளியான கோபன்ஹேகன் பர்ன்அவுட் இன்வென்டரி நல்ல தேர்வு. மொத்தம் 19 கேள்விகள்: பொதுவான சோர்வுக்கு 6, வேலையால் வரும் சோர்வுக்கு 7, நோயாளிகளோடு பழகுவதால் வரும் சோர்வுக்கு 6. கட்டணம் கிடையாது. நோயாளிகளையே பார்க்காத பில்லிங், லேப் ஊழியர்களுக்குக் கடைசிப் பகுதியை விட்டுவிடலாம்.

வேலைச்சோர்வுக்குப் புகழ்பெற்ற மாஸ்லாக் வினாத்தாளைத்தான் எல்லாரும் முதலில் தேடுகிறார்கள். அது உரிமம் வாங்கிப் பயன்படுத்த வேண்டியது. பொதுவான மனநலத்தை அளக்கும் ஜி.எச்.க்யூ.-12-ம் அப்படித்தான். யாரோ ஒரு சீனியரின் ஆய்வேட்டிலிருந்து நகல் எடுத்துப் பயன்படுத்தினால் வெளியிடும்போது சிக்கல் வரும். வேலையில் ஈடுபாட்டை அளக்க உட்ரெக்ட் அளவுகோலின் ஒன்பது கேள்வி வடிவம் இருக்கிறது. வணிக நோக்கமற்ற ஆய்வுக்குக் கட்டணமில்லை.

டபிள்யூ.எச்.ஓ.-5, கோபன்ஹேகன், உட்ரெக்ட் மூன்றும் சேர்ந்து 33. மிச்சமுள்ள இடத்தில் நீங்களே எழுதும் கேள்விகள்தான் உண்மையில் பலன் தருபவை. அவை உணர்வைக் கேட்காமல் எண்ணிக்கையைக் கேட்கட்டும். கடந்த ஒரு மாதத்தில் எத்தனை டியூட்டியில் சாப்பிடாமல் வேலை செய்தீர்கள்? ஒரு நாளுக்கும் குறைவான அவகாசத்தில் எத்தனை முறை ஷிஃப்ட் மாறியது? எத்தனை முறை டபுள் டியூட்டி? நோயாளியோ அட்டெண்டரோ எத்தனை முறை திட்டினார்கள், எத்தனை முறை கைவைத்தார்கள்? கேட்ட விடுப்பு எத்தனை முறை மறுக்கப்பட்டது? “திருப்தி 3.4” என்ற எண்ணை வைத்துக்கொண்டு நிர்வாகம் எதையும் செய்ய முடியாது. “பாதிப்பேர் மாதத்தில் எட்டு டியூட்டிக்கு மேல் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்கள்” என்ற வரி வந்தால் அடுத்த வாரமே ஒரு மாற்று ஆளைப் போட முடியும்.

“வேலையை விடும் எண்ணம் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். தனியார் மருத்துவமனையில் பல நர்ஸ்கள் அரசுப் பணிக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்கோ, வளைகுடா நாடுகளின் உரிமத் தேர்வுக்கோ, வெளிநாடு போவதற்கான ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுகளுக்கோ படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போவது குடும்பக் கடனுக்காக இருக்கலாம், உங்கள் வார்டின் மீதுள்ள வெறுப்பால் அல்ல. காரணத்தையும் கேட்டால்தான் இந்த இரண்டும் பிரியும்.

7. தமிழில் கொண்டுவருவது

ஏற்கெனவே அதிகாரபூர்வத் தமிழ் வடிவம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பி.எச்.க்யூ.-9-க்கு இருக்கிறது. இருந்தால் வாக்கியங்களை மாற்றாதீர்கள், மாற்றினால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. இல்லையென்றால் இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து, ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாவது ஒருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பாருங்கள்.

அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. ஆயா, செக்யூரிட்டி, நர்ஸ், டெக்னீஷியன் என ஆறேழு பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டி, “இது என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். எந்த வாக்கியம் எங்கே உடைகிறது என்பது இங்கேதான் தெரியும். எதிர்மறையில் முடியும் கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்ற பதில் வந்தால், அவர் ஆம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று அவருக்கே தெரியாது. ‘மன அழுத்தம்’ என்றால் ஒருவர் வேலை டென்ஷன் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் மனச்சோர்வு நோய் என்று நினைப்பார். தூக்கம் வரவில்லை, எரிச்சல் வருகிறது, எதிலும் மனசு ஒட்டவில்லை என்று நேரடியாகக் கேட்டால் எல்லாருக்கும் ஒரே மாதிரி புரியும்.

பிறகு முப்பது பேரிடம் முன்னோட்டம் நடத்துங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, எந்தக் கேள்வியை நிறையப் பேர் காலியாக விடுகிறார்கள் என்ற இரண்டை மட்டும் கவனித்தால் போதும்.

எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களிடம் ஒருவர் கேள்வி கேட்டு, பதிலைத் தானே குறித்துக்கொள்வது வழக்கம். வேண்டாம். எதிரே ஆள் இருந்தால் எல்லாமே “பரவாயில்லைங்க” என்றுதான் வரும். எட்டுப் பத்துப் பேரை ஓர் அறையில் சற்றுத் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, வெளியாள் ஒருவர் கேள்வியைச் சத்தமாகப் படிக்க, ஒவ்வொருவரும் தன் தாளில் தானே டிக் போடட்டும். பதில் கட்டங்களுக்கு மேல் காலியான, பாதி நிறைந்த, முழுதும் நிறைந்த டம்ளர் படம் போட்டால் இன்னும் சுலபம்.

8. ரகசியம் எங்கெல்லாம் ஓட்டை விடுகிறது

“பெயர் கேட்கவில்லையே, அப்புறம் என்ன?” என்பது இந்த வேலையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம். பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடிக்கலாம். டயாலிசிஸ் பிரிவு, ஆண், 30 முதல் 35 வயது, நான்கு வருட அனுபவம். இந்த நான்கு டிக்குகள் போதும், அது யார் என்று அந்த மருத்துவமனையில் எல்லாருக்கும் தெரியும்.

எனவே அடிப்படை விவரங்களைக் கூடியவரை குறையுங்கள். வயதைப் பத்தாண்டு இடைவெளியில் கேளுங்கள். சிறிய பிரிவுகளைச் சேர்த்து ஒன்றாக்குங்கள்: டயாலிசிஸ், எண்டோஸ்கோபி, ஓ.டி. மூன்றும் ‘சிறப்புப் பிரிவுகள்’. ஒவ்வொரு விவரத்தையும் பார்த்து, இதை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறோம் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். மதமும் சாதியும் திருமண நிலையும் ஆய்வேட்டு வழக்கத்தால் மட்டுமே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

கூகுள் ஃபார்ம் வசதியானதுதான். ஆனால் மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் அமைப்பு அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் ஒருமுறை மட்டும் என்ற கட்டுப்பாட்டைப் போட்டால் உள்நுழையச் சொல்லும். முகவரி உங்களுக்கு வராவிட்டாலும் தங்கள் கணக்கு பதிவாகிறது என்று ஊழியர்கள் நினைப்பார்கள். பலர் கவனிக்காதது நேர முத்திரை. ஒவ்வொரு பதிலும் எத்தனை மணிக்கு வந்தது என்று பதில்கள் சேரும் கணினி அட்டவணையில் பதிவாகிறது. ரோஸ்டரைப் பக்கத்தில் வைத்தால் அதிகாலை 3.40-க்குக் குழந்தைகள் வார்டில் யார் இருந்தார்கள் என்று தெரிந்துவிடும். தரவை இறக்கியவுடன் அந்த நேரப் பத்தியை (column) அழித்துவிட்டுத்தான் யாரிடமும் பகிர வேண்டும். இதனாலேயே, முடிந்தால் காகிதத் தாளையே நான் விரும்புவேன்.

காகிதத்திலும் கவனம் வேண்டும். இன்சார்ஜ் மேசையில் கட்டாக வைத்து “நிரப்பிட்டு இங்கேயே வைங்க” என்றால் யாரும் உண்மை எழுதமாட்டார்கள். ஒவ்வொரு தாளோடும் ஓர் உறை கொடுங்கள். பூட்டிய பெட்டியை சி.சி.டி.வி. பார்வையில் படாத, எல்லா வார்டு ஆட்களும் வந்துபோகும் இடத்தில் வையுங்கள். கேன்டீன் பக்கம் பொருத்தமாக இருக்கும். பெட்டிச் சாவி மருத்துவமனைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் இருக்கட்டும். வெற்றுத் தாளையும் உறையில் போட்டுப் பெட்டியில் போடலாம் என்று சொல்லிவிடுங்கள். அப்போதுதான் பதில் தர விரும்பாதவர் யார் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

9. எப்போது நடத்துவது

டபிள்யூ.எச்.ஓ.-5 கடந்த இரண்டு வாரத்தைக் கேட்பதால், அந்த இரண்டு வாரத்தில் நடந்தது எல்லாம் பதிலில் ஏறிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெங்கு, காய்ச்சல் வார்டுகள் நிரம்பியிருக்கும்போது எடுத்தால் வேறு எண் வரும், பிப்ரவரியில் எடுத்தால் வேறு எண். அங்கீகாரத்துக்கான ஆய்வு வாரம், சம்பள உயர்வு மாதம், தீபாவளி பொங்கல் விடுப்புச் சண்டை நடக்கும் நாட்கள் எல்லாவற்றையும் தவிருங்கள். 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர் கத்தியால் குத்தப்பட்டபோது மாநிலம் முழுக்க டாக்டர்கள் போராடினார்கள். அப்படியொரு சம்பவம் நடந்த வாரங்களில் ஊழியர்களுக்குத் தேவை பாதுகாப்பும் பேச்சுத்துணையும். கேள்வித்தாள் பிறகு வரலாம்.

பத்து நாள் அவகாசம் கொடுங்கள். நைட் ஆஃபில் இருப்பவர் திரும்பி வர அவ்வளவு தேவை. ஹேண்ட்ஓவர் நேரத்தில் தாளைக் கொடுக்காதீர்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வேகமாக டிக் போட்டுவிட்டுப் போவார்கள். எந்த வார்டு எத்தனை பேர் முடித்தார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டியாகப் போடுவதும் தவறு. அந்த நிமிடத்திலிருந்து இன்சார்ஜ்கள் துரத்த ஆரம்பித்துவிடுவார்கள், விருப்பம் என்பது போய்விடும்.

10. மதிப்பெண் போடுவது

டபிள்யூ.எச்.ஓ.-5-ல் ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 5. கூட்டினால் 25 வரை வரும், அதை 4-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு. 50-ம் அதற்குக் கீழும் குறைந்த நலவாழ்வு. கோபன்ஹேகனில் ஒவ்வொரு பதிலும் 0, 25, 50, 75, 100. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிச் சராசரி. வேலைப் பகுதியில், குடும்பத்தோடும் நண்பர்களோடும் செலவிடச் சக்தி மிச்சமிருக்கிறதா என்று கேட்கும் கேள்வியைத் தலைகீழாகக் கணக்கிட வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம். ஒரு பகுதியில் பாதிக்கும் குறைவாகப் பதில் தந்திருந்தால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

டிக் போட்டதை அப்படியே ஏற்றுங்கள், தலைகீழாக்குவதைக் கணினி செய்யட்டும். பத்தில் ஒரு தாளை வேறொருவர் மீண்டும் ஏற்றி ஒப்பிடட்டும். ஒரு பகுதியின் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் நம்பகத்தன்மை எண் (க்ரான்பாக் ஆல்ஃபா) 0.7-க்கு மேல் இருக்க வேண்டும். அதை ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகப் பாருங்கள்.

11. எண்களைப் படிப்பது

பத்துப் பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் எண்ணையும் அறிக்கையில் காட்டாதீர்கள், நிர்வாகம் எவ்வளவு வற்புறுத்தினாலும். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய கையெழுத்துக்கு இதுதான் பொருள்.

ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு காரணத்தைச் சொல்லாது. நைட் டியூட்டி அதிகம் பார்ப்பவர்கள் சோர்வாக இருக்கிறார்கள் என்றால் நைட்தான் காரணம் என்று உடனே எழுதக் கூடாது. அவர்கள் வயதில் இளையவர்கள், புதியவர்கள், விடுதியில் தங்கியிருப்பவர்களாக இருக்கலாம். நேர் எதிராகவும் நடக்கும். நைட் தாங்காதவர்கள் மாற்றிக்கொண்டு போயிருப்பார்கள், தாங்கக்கூடியவர்கள் மட்டும் அங்கே இருப்பார்கள், எண் அழகாகத் தெரியும்.

பதில் மிகக் குறைவாக வந்த வார்டைக் கவனியுங்கள். நேரமில்லாமல் போயிருக்கலாம், பயத்தால் போயிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அங்கே விசாரிக்க வேண்டியது இருக்கிறது. ஆனால் வார்டுகளைத் தரவரிசைப்படுத்தாதீர்கள். கடைசியில் வந்த வார்டின் இன்சார்ஜ், ஆள் பற்றாக்குறைக்காகத் தண்டிக்கப்படுவார்.

கையால் எழுதிய கருத்துகளை வெளியாள் ஒருவர் தட்டச்சு செய்து, ஆளைக் காட்டும் விவரங்களை நீக்கியபிறகே கொடுக்க வேண்டும். கையெழுத்தை அடையாளம் காண்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், தினமும் கேஸ் ஷீட் படிப்பவர்கள் அல்லவா. பாலியல் தொல்லை பற்றிய குறிப்பு வந்தால் அதைச் சராசரியில் கரைத்துவிடாதீர்கள். 2013 சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அது இருக்கிறதா, உறுப்பினர் பெயர்கள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று அன்றே பாருங்கள். அட்டெண்டர்களின் வன்முறைக்குத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தாக்கப்பட்ட ஊழியர் சார்பில் நிர்வாகமே புகார் கொடுத்ததா, அல்லது “விட்டுடுங்க சிஸ்டர்” என்று சமாதானம் செய்ததா என்பதையும் எண்களோடு சேர்த்துக் கேளுங்கள். அடிபட்ட கசப்பைவிட, அப்புறம் யாரும் தன் பக்கம் நிற்கவில்லை என்ற கசப்பு நீண்ட நாள் இருக்கிறது.

12. ஒரு மாதத்துக்குள் திருப்பிச் சொல்லுங்கள்

நிர்வாகத்துக்கு அறுபது பக்க அறிக்கை போகும், ஊழியர்களுக்கு ஒன்றும் வராது. பெரும்பாலான கணக்கெடுப்புகள் இங்கேதான் செத்துப்போகின்றன. தமிழில் ஒரே பக்கம் எழுதுங்கள். நீங்கள் சொன்னது இது. இதற்கு இன்னார் பொறுப்பில் இந்தத் தேதிக்குள் இது நடக்கும். இது எங்கள் கையில் இல்லை, காரணம் இது. மூன்று ஷிஃப்டிலும் போய் நேரில் வாசித்துக் காட்டுங்கள், நைட் ஷிஃப்ட் உட்பட.

முதல் மாற்றம் சிறியதாக, சீக்கிரம் நடக்கக்கூடியதாக, எல்லார் கண்ணிலும் படுவதாக இருக்கட்டும். ரோஸ்டரைப் பத்து நாள் முன்னால் ஒட்டுவதற்குப் பணம் தேவையில்லை. ஆனால் குழந்தையை யார் பள்ளிக்கு அனுப்புவது என்று திட்டமிட முடிகிறது என்பது ஒரு நர்ஸுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று ரோஸ்டர் போடுபவர்களுக்கு அடிக்கடி தெரிவதில்லை.

ஆள் பற்றாக்குறையைக் காட்டும் கணக்குக்கு யோகா வகுப்பைப் பதிலாகக் கொடுக்காதீர்கள். அதை ஆஃப் நாளில் கட்டாயமாக வைப்பது இன்னும் மோசம். யோகாவில் தவறில்லை, இருவர் பார்க்க வேண்டிய வார்டை ஒருவர் பார்க்கிறார் என்ற குறைக்கு அது பதில் ஆகாது, அவ்வளவுதான். மனநல அமர்வு வைப்பதாக இருந்தால் டியூட்டி நேரத்தில், மாற்று ஆள் போட்டு, விருப்பம் உள்ளவர்களுக்கு வையுங்கள்.

13. மறுபடி அளப்பது

அதே மாதத்தில், ஓராண்டு கழித்து, அதே தாள். கேள்விகளை மெருகேற்றத் தோன்றும், தொடாதீர்கள். டபிள்யூ.எச்.ஓ.-5-ல் பத்து மதிப்பெண் வித்தியாசம் இருந்தால்தான் உண்மையான மாற்றம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று கூடியதற்குப் பாராட்டு விழா வேண்டாம்.

பெயர் இல்லாததால் அதே ஆளின் இரண்டு பதில்களை இணைக்க முடியாது. அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி என்று ரகசியக் குறியீடு உருவாக்கச் சொல்லும் முறை இருக்கிறது. பெரிய ஆய்வுகளுக்கு அது சரி. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போய்வரும் நம் மருத்துவமனைகளில் அந்தக் குறியீடே பெயர்தான். மொத்தக் குழுவாக ஒப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நிரப்பிய தாள்களை மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே பூட்டி வைத்து, நெறிமுறைக் குழு சொன்ன காலம் முடிந்ததும் கிழித்தழித்து, அழித்த தேதியை அதே நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.